ஆறு பீஸ் வெட்டில் வீட்டிலேயே தைக்கும் தாராளமான பாவாடை

புடவைக்கு உள்ளே கட்டும் ஆறு பீஸ் உள்பாவாடை இல்லாத வீடு சேலத்தில் அநேகமாக இராது. இடுப்பில் மொத்தமாகக் குவியாமல், கீழே போகப் போக விரிந்து, நடைக்கு இடம் கொடுக்கும் அந்த வெட்டையே நல்ல துணியில், சற்றுக் கூடுதல் விரிவோடு, நாடாவுக்குப் பதிலாக அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்தால், வெளியே உடுத்துவதற்கு அதைவிட வசதியான பாவாடை வேறில்லை என்பது என் கருத்து. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், ஜிக்ஜாக் தையல் போடும் புதிய மிஷினும் வேண்டாம். நேர்த்தையல் மட்டுமே விழும் பழைய கால்மிஷினில் முழுப் பாவாடையையும் முடித்துவிடலாம்.

வேறு வெட்டுகளும் உண்டு. சுருக்குப் பாவாடை தைக்க எளிதுதான். நீளமான துணியை இடுப்பில் சுருக்கிப் பட்டி வைத்தால் முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு துணியும் இடுப்பைச் சுற்றியே மடிப்பாகத் திரண்டு நிற்பதால், சித்திரை வெயிலில் சேலத்து வெக்கையில் அங்குதான் முதலில் வியர்வை கோக்கும். குடை வெட்டு, அதாவது தையற்கடையில் அம்பர்லா கட் என்று சொல்லும் முழுவட்டப் பாவாடை, பார்ப்பதற்கு அழகு. ஆனால் 44 அங்குல அகலத் துணியில் கணுக்கால்வரை தைக்க ஏறத்தாழ நாலரை மீட்டர் கேட்கும். அதுவும் துணி நனைந்து சற்றே சுருங்கினால் அகலம் போதாமல் ஒட்டுப் போட வேண்டிவரும். ஆறு பீஸ் வெட்டுக்கு இரண்டரை மீட்டர் போதும். கீழ்ச்சுற்று 90 அங்குலம் கிடைக்கும். பேருந்துப் படி ஏறவும், தரையில் சம்மணமிட்டு உட்காரவும், இருசக்கர வண்டியில் பின்னால் அமரவும் அது தாராளம்.

துணி

பாவாடை அலைந்து விழுவதும் விறைத்து நிற்பதும் வெட்டைக் காட்டிலும் துணியைப் பொறுத்தவை. கடையில் துணியின் ஒரு முனையை மட்டும் விரலில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். மடிப்புகள் மெல்லிதாக, நெருக்கமாகக் கீழே இறங்கினால் அது பாவாடைக்கு உரிய துணி. கூம்பாக விலகி நின்றால் அந்தத் துணி பாவாடையானாலும் அப்படித்தான் நிற்கும். பிறகு கைப்பிடிக்குள் இறுக்கிக் கசக்கி விடுங்கள். கசங்கல் எவ்வளவு மீதி நிற்கிறதோ, அவ்வளவு வேலை இஸ்திரிப் பெட்டிக்கு உண்டு. கடைசியாகக் கடைவாசல் வெளிச்சத்தில் துணியை ஒற்றையாகப் பிடித்து, பின்னால் உங்கள் விரல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் லைனிங் வேண்டும்.

கேம்பிரிக் பருத்தி முதல் பாவாடைக்கு உகந்தது. வெட்டும்போது நழுவாது, இஸ்திரிக்கு அடங்கும், வெயிலுக்கும் ஏற்றது. மல்மல் இன்னும் மென்மையானது. ஆனால் லைனிங் இல்லாமல் உடுத்த இயலாது. ரேயான் மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் இழை. பருத்தியைவிடக் கனமாக இறங்கி விழுவதால் நடக்கும்போது அதன் அசைவு தனி அழகு. ஆனால் மேசையில் நழுவும், நனைந்தால் சுருங்கும், ஈரத்தில் வலுவிழக்கும். கத்தரி கைக்குப் பழகிய பிறகு அதைத் தொடுவது நல்லது. உள்பாவாடைக்கு வாங்கும் பாப்ளின் சற்று விறைப்பானது. அளவு சரியாக வருகிறதா என்று வெட்டிப் பார்க்க அது மலிவாக உதவும்.

சேலத்தில் இருப்பவர்களுக்குக் கைத்தறித் துணி எட்டும் தூரத்தில் இருக்கிறது. சின்னக் கடைவீதி, முதல் அக்ரஹாரம் பக்கத்துக் கடைகளோடு நிற்காமல், அம்மாப்பேட்டை, குகை போன்ற நெசவுப் பகுதிகளையும் ஊருக்கு வெளியே இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கங்களையும் பார்த்து வரலாம். கைத்தறிப் பருத்தியை வாங்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தறியில் நூல் அறாமல் இருக்கப் பாவு நூலுக்கு, அதாவது துணியின் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி துணியிலேயே தங்கிவிடுவதால், புதுத்துணி கடையில் தொட்டுப் பார்க்கும்போது அட்டையாக விறைத்திருக்கும். அந்த விறைப்பை நம்பி வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை அலசிய பிறகுதான் அந்தத் துணியின் உண்மையான இறக்கம் தெரியும். சேலம் வெண்பட்டு பெயர்பெற்றதுதான். ஆனால் நாள்தோறும் துவைத்து உடுத்தும் பாவாடைக்குப் பட்டை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பருத்தியோ ரேயானோ, வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தி, இலேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். பருத்தி நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்குவது சாதாரணம். 37 அங்குலத்துக்கு வெட்டிய பீஸ் முதல் சலவையிலேயே ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிப்போனால் பாவாடை கணுக்காலுக்கு வராது. சாயம் போகும் துணியா என்பதும் இந்த நனைப்பிலேயே தெரிந்துவிடும். லைனிங் துணிக்கும் இதே சடங்கு உண்டு. அதை நனைக்காமல் விட்டால் பின்னாளில் அது மட்டும் சுருங்கி, மேல்துணியை உள்ளிழுக்கும்.

அளவும் வெட்டும்

எடுக்க வேண்டிய அளவுகள் மூன்று: பாவாடை நிற்கப்போகும் இடத்தில் இடுப்புச் சுற்று, உட்காரும் பகுதியில் மிக அகன்ற இடத்தின் சுற்று (தையற்காரர்கள் சீட் என்பது இதைத்தான்), இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நீளம். நீளத்தை நிமிர்ந்து நின்று, வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்; நீங்களே குனிந்து பார்த்தால் டேப் ஏறிவிடும். கொலுசு போடும் பழக்கம் இருந்தால் அதற்கு ஓர் அங்குலம் மேலேயே நீளத்தை நிறுத்துங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளை வைத்திருக்கும் ஊரில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது: சலங்கை வைத்த கொலுசின் கொக்கியில் பாவாடை ஓரம் மாட்டினால் முதலில் பிரிவது தையல்தான்.

ஜிப் இல்லாததால், பாவாடையின் மேல்வாய் இடுப்புக்கு அல்ல, சீட் அளவுக்கு வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளவே முடியாது. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இடுப்பு 32, சீட் 40, முடிந்த நீளம் 36 அங்குலம் என்று கொள்வோம். சீட்டோடு 2 அங்குலம் தளர்வு சேர்த்தால் 42. ஆறால் வகுத்தால் ஒரு பீஸின் மேல் அகலம் 7; இருபுறமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டால் 8. கீழ் அகலம் 15, தையல் சேர்த்து 16. நீளத்தில் இடுப்புப் பட்டி ஒன்றேகால் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மேல் தையலுக்கு அரை அங்குலம், கீழ் மடிப்புக்கு ஓர் அங்குலம், ஓரத்தைச் சமன் செய்ய முக்கால் அங்குலம் சேர்த்தால் பீஸின் நீளம் 37 அங்குலம்.

இந்த அளவுகளில் ஒரு செய்தித்தாளின் இரண்டு தாள்களை ஒட்டி மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். தாளை நெடுக்காக மடித்து, மடிப்பிலிருந்து மேலே 4, கீழே 8 அங்குலம் குறித்து, ஸ்கேல் வைத்துச் சாய்கோடு இழுத்து வெட்டினால் இரு பக்கமும் பிசகில்லாமல் வரும். சாய்கோடு நடுக்கோட்டைவிடச் சற்று நீளமானது என்பதால், கீழ்மூலைகள் இரண்டையும் கால் அங்குலம் உயர்த்தி, நடுவரை மெல்ல வளைத்து வெட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் தைத்து முடித்ததும் ஒவ்வொரு தையலின் அடியிலும் ஒரு கூர்முனை தொங்கும்.

இனி துணியை ஒற்றையாக விரித்துப் போடுங்கள். முதல் பீஸ் நேராக, இரண்டாவது தலைகீழாக, மூன்றாவது மறுபடி நேராக என்று பக்கம் பக்கமாக வைத்தால், அகலவாக்கில் 16, 8, 16 ஆக 40 அங்குலம் ஆகும். 44 அங்குலத் துணி நனைந்து சுருங்கிய பிறகும், கரையை (துணியின் இரு பக்கமும் நெய்து முடிந்த விளிம்பை) ஒதுக்கிவிட்டு, மூன்று பீஸ் ஒரே வரிசையில் அமர்ந்துவிடும். அதேபோல் அடுத்த வரிசை. இரண்டு வரிசைக்கு 74 அங்குலம். மிஞ்சும் துணியில் இடுப்புப் பட்டிக்கு 43 அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலத்தில் ஒரு துண்டும், பைக்கான துண்டுகளும் கிடைக்கும். கரையை ஒதுக்கியபின் அகலம் 43-ஐ எட்டவில்லை என்றால் பட்டியை இரண்டு துண்டாக வெட்டி ஒட்டுப் போடலாம். ஒட்டு பக்கவாட்டில் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. சீட் 50 அங்குலத்தைத் தாண்டினாலும் மேல் அகலம் ஓர் அங்குலத்துக்கும் இரண்டுக்கும் இடையேதான் கூடும் என்பதால் மூன்று பீஸ் அடுக்குவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. அதற்கும் மேல் என்றால் எட்டு பீஸாக வகுத்துக்கொள்வது அழகாக விழும்.

தலைகீழாக வைத்து வெட்டுவதால் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும் அச்சுத்துணியில் ஒரு பீஸில் பூ நிமிர்ந்தும் அடுத்ததில் கவிழ்ந்தும் போகும். ஒற்றை வண்ணம், சிதறிய பூ, சிறு புள்ளி ஆகியவையே இந்த வெட்டுக்கு ஏற்றவை. கட்டம் போட்ட துணியைத் தையல்களில் பொருத்துவது பெரிய வேலை. முதல் பாவாடைக்கு வேண்டாம்.

எந்த வடிவத்தில் வைத்தாலும் ஒவ்வொரு பீஸின் நடுக்கோடும் பாவு நூல் ஓடும் திசையில், அதாவது கரைக்கு இணையாக இருக்க வேண்டும். நடுக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் கரைவரை டேப் வைத்து அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்த பிறகே சாக்பீஸால் கோடு போடுங்கள். இந்த ஒன்றைக் கவனிக்காமல் வெட்டிய பாவாடையில் ஒரு பீஸ் மட்டும் காலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வரும். அதைப் பின்னால் எந்தத் தையலாலும் திருத்த முடியாது. துணியை மிச்சம் பிடிக்க ஒரு பீஸைச் சற்றே சாய்த்து வைக்கலாமா என்ற யோசனை வெட்டும்போது கட்டாயம் வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

தையல்

மெல்லிய துணிக்கு 11-ஆம் எண் ஊசியும், கேம்பிரிக், கைத்தறி போன்றவற்றுக்கு 14-ஆம் எண் ஊசியும் போடுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டில் இரட்டையாக வைத்து ஒரு சாண் தைத்துப் பார்த்து, மேல்நூலும் பாபின் நூலும் ஒரே அழுத்தத்தில் பூட்டுகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தையல் சுருங்கினால் நூலின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள்.

துணி விளிம்பைச் சுற்றி நூலால் கட்டும் ஓவர்லாக் இல்லாத மிஷினில் உள்பக்கம் பிசிறு விடாமல் இருக்கப் பிரெஞ்சு தையல் நல்ல வழி. முதலில் இரண்டு பீஸ்களின் தவறான பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி, அதாவது நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் தையுங்கள். மீந்த விளிம்பைப் பாதியாகக் கத்தரித்து, துணியைத் திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வருமாறு மடித்து இஸ்திரி போட்டு, மறுபடியும் கால் அங்குலத்தில் தைத்தால் பிசிறெல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். இரண்டும் சேர்ந்து நாம் விட்ட அரை அங்குலம் சரியாகத் தீரும். நேரமில்லை என்பவர்கள் சாதாரணமாக ஒரே தையலில் இணைத்து, அருகிலுள்ள தையற்கடையில் விளிம்புக்கு ஓவர்லாக் அடித்து வாங்கலாம். சிறு தொகைக்குச் செய்து தருவார்கள்.

சாய்ந்த விளிம்புகள் இழுத்தால் நீளும். ஆகவே ஒவ்வொரு தையலையும் அகன்ற கீழ்முனையில் தொடங்கி, குறுகிய மேல்முனை நோக்கிக் கொண்டுபோங்கள். மிஷின் பற்கள் இழுக்கும் வேகத்துக்குத் துணியை விட்டுவிட்டு, கை வழிகாட்டினால் போதும். தொடங்கும் முன் மேல், நடு, கீழ் என்று குண்டூசி குத்திக்கொண்டால் முடிவில் ஒரு பீஸ் நீண்டு நிற்காது. ஆறு தையல்களும் முடிந்ததும் ஒவ்வொன்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். கடைத்தையலுக்கும் வீட்டுத்தையலுக்கும் வெளியே தெரியும் வேறுபாடு பெரும்பாலும் இந்த இஸ்திரியில்தான் இருக்கிறது.

பை வேண்டுமென்றால் இடுப்புப் பட்டி வைப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். தையலுக்குள் தொங்கும் சிறு பையில் கைபேசியைப் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் பாவாடை கீழே இழுபடும். அதைத் தவிர்க்க, பையின் மேல்விளிம்பை மேல்வாய்வரை நீட்டி, இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தையுங்கள்; அப்போது கனத்தைப் பட்டி தாங்கும். பை வரும் அந்த ஒரு தையலை மட்டும் பிரெஞ்சு தையலாகப் போடாமல் சாதாரணத் தையலாக விடுங்கள்.

பட்டித்துண்டின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குங்கள். பாவாடையின் நல்ல பக்கமும் பட்டியின் நல்ல பக்கமும் சேருமாறு வைத்து, அரை அங்குலத்தில் சுற்றித் தைத்து, பட்டியை மேலே திருப்பி, உள்பக்கம் மடித்து, அதன் கீழ்விளிம்பை அரை அங்குலம் உள்ளே மடக்கி, தையல் கோட்டின் மேல் அமர்த்தித் தையுங்கள். பின்புறம் இரண்டு அங்குலம் தைக்காமல் விடுங்கள். ஓர் அங்குல அகல எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டி, ஊக்கில் கோத்து அந்த வழியே நுழைத்து, உள்ளே முறுக்கிக்கொள்ளாமல் முழுச்சுற்று வந்ததும், முனைகளை ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சதுரமாகத் தைத்துவிடுங்கள். உடுத்திப் பார்த்து, உட்கார்ந்தும் பார்த்து, இறுக்கம் சரியாக இருந்தால் மட்டும் திறப்பை மூடுங்கள். இரு பக்கங்களிலும் பட்டியின் குறுக்கே எலாஸ்டிக்கையும் சேர்த்து ஒரு நேர்த்தையல் போட்டால், துவைக்கும்போது அது உள்ளே சுருண்டுகொள்ளாது.

எலாஸ்டிக்கை அகலமாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் ஒரே கோட்டில் இறுக்கி, வியர்வையும் சேர்ந்து, தோல் கறுத்துத் தடித்துப்போன இடுப்புகளை நம் வீடுகளில் பார்க்கலாம். அகலப் பட்டி அதே பிடியைப் பரவலாகப் பகிர்ந்து கொடுக்கும்.

கீழ் ஓரம்

இங்கே அவசரப்படக் கூடாது. சாய்கோட்டில் வெட்டிய பகுதிகள் தம் எடையிலேயே சற்று இறங்கும். பாவு திசையில் விழும் நடுப்பகுதி இறங்காது. தைத்த அன்றே ஓரம் மடித்தால், இரண்டு மூன்று நாட்களில் பாவாடையின் அடி அலை அலையாகத் தெரியும். இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டி ஓர் இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். ரேயான் என்றால் இரண்டு இரவு. பிறகு பாவாடையை உடுத்தி நிமிர்ந்து நில்லுங்கள். வேறொருவர் தரையில் ஸ்கேலை நிறுத்தி, வேண்டிய உயரத்தில் சுற்றிலும் சாக்கால் புள்ளி வைக்கட்டும். அளப்பவர் நகர வேண்டுமே தவிர, உடுத்தியவர் திரும்பக் கூடாது. புள்ளிகளை இணைத்து, அதற்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு மீதியைக் கத்தரித்துவிடுங்கள்.

விரிந்த ஓரத்தை அகலமாக மடிக்க இயலாது. வெளிவிளிம்பின் சுற்று உள்ளே சென்று தங்க வேண்டிய இடத்தின் சுற்றைவிடப் பெரியது என்பதால், மடிப்பு அகலமாக ஆக ஆகச் சுருக்கங்கள் விழும். அரை அங்குலம் மடித்து இஸ்திரி போட்டு, மறுபடி அரை அங்குலம் மடித்து, விளிம்பை ஒட்டித் தையுங்கள். வளரும் பெண்பிள்ளைகளின் பாவாடையில் டக் பிடித்து வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து விடும் நம் வழக்கமும் இதே காரணத்தால் இந்த வெட்டுக்குப் பொருந்தாது. டக் வேண்டுமென்றால் சுருக்குப் பாவாடையே தைத்துக் கொடுங்கள். கரை போட்ட பழைய பருத்திப் புடவையைப் பாவாடையாக்க நினைப்பவர்களுக்கும் சுருக்குப் பாவாடைதான். வளைந்த ஓரத்தில் நேர்க்கரை உட்காராது.

ஏற்காட்டுக்கு என்றால்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனதும் இந்தக் கணக்கில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. மல்மலும் மெல்லிய கேம்பிரிக்கும் மாலைப் பனிக்குத் தாங்கா. கனமான கைத்தறிப் பருத்தியையோ லினன் கலந்த துணியையோ எடுத்து, மெல்லிய பருத்தியில் லைனிங் கொடுங்கள். லைனிங்கை அதே மேல் அளவில், கீழ் அகலத்தை மட்டும் 12 அங்குலமாகக் குறைத்து வெட்டி, மேல்துணியைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் நிறுத்தி, இடுப்பில் மட்டும் இணைத்து, கீழே தனித்தனியாக விடுங்கள்; இரண்டையும் அடியில் சேர்த்துத் தைத்தால் பாவாடையின் அசைவு போய்விடும். கனத்துணியில் பிரெஞ்சு தையல் கயிறுபோல் தடித்துக் காலில் உரசும் என்பதால், தையலை இருபுறமும் விரித்து இஸ்திரி போட்டு, விளிம்புகளுக்கு ஓவர்லாக் அடித்துக்கொள்வதே சரி. காப்பித் தோட்டப் பாதைகளில் காலையில் நடப்பவர்கள் நீளத்தை இரண்டு மூன்று அங்குலம் குறைத்தே வெட்டட்டும். புல்லின் ஈரத்தைப் பருத்தி அடியிலிருந்தே உறிஞ்சி மேலேற்றும், நனைந்த ஓரம் நடக்க நடக்கக் கணுக்காலில் அடிக்கும். அங்கே மழைக்காலத்தில் கனத்த பருத்தி உலர நேரமாகும். ஆகவே துவைத்ததும் பட்டியை இழுத்து விட்டு, இடுப்பு மேலாக இரண்டு கிளிப்பில் காற்றோட்டமான தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள்; கயிற்றில் நடுவாக மடித்துப் போட்டால் பட்டியின் ஈரம் இறங்காமல் எலாஸ்டிக்கில் பூஞ்சை வாடை பிடிக்கும்.